தேர்வுக் குழுவின் முன் பத்து நிமிடங்கள்

வேலைக்கான நேர்முகத் தேர்வு என்றால், மேசைக்கு ஒரு பக்கம் தேர்வுக் குழுவினரும் மறுபக்கம் விண்ணப்பதாரரும் அமர்ந்து, கேள்வியும் பதிலுமாக நடப்பது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் கல்லூரி ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, விற்பனை, மருத்துவமனை நிர்வாகம், மேலாண்மை ஆலோசனை எனப் பல துறைகளில், விண்ணப்பதாரரிடம் ஒரு தலைப்பைக் கொடுத்து, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அதை விளக்கிப் பேசச் சொல்வதும் தேர்வின் ஒரு பகுதியாக உள்ளது. அலுவலக வழக்கில் ‘பிரசன்டேஷன்’ எனப்படும் இது, இக்கட்டுரையில் விளக்கவுரை என்று குறிக்கப்படுகிறது. பாடத்தில் முதல் வகுப்பில் தேறியவர்களும், பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும்கூட இந்தக் கட்டத்தில் தடுமாறுவது உண்டு. அறிவுக்குறையோ பேச்சுக்கூச்சமோ அதற்குக் காரணம் என்று பலரும் எண்ணினாலும், பெரும்பாலும் தயாரிப்பு தவறான இடத்திலிருந்து தொடங்குவதே காரணமாக இருக்கிறது. கணினியைத் திறந்து முதல் ஸ்லைடில் தலைப்பைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள் பல உள்ளன. அவற்றைச் செய்தவருக்கு எஞ்சியவை எளிதாகிவிடும்.

குழு எதைக் கேட்கிறது

விளக்கவுரையை ஏன் கேட்கிறார்கள் என்பது தெரிந்தால், அதை எப்படித் தயாரிப்பது என்பதில் பாதி தெளிந்துவிடும். ஒருவரைப் பணியில் அமர்த்துவதற்கு முன்பே அவர் எப்படி வேலை செய்வார் என்பதைக் கணிப்பது எக்காலத்திலும் கடினமான காரியம். அதற்கு எந்த முறை நம்பகமானது என்று உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், 85 ஆண்டுக்கால ஆராய்ச்சி முடிவுகளைத் தொகுத்து, ஒவ்வொரு தேர்வு முறையும் பின்னாளைய பணித்திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை எண்களாகத் தந்தனர். தொடர்பே இல்லை என்றால் 0, முழுப் பொருத்தம் என்றால் 1 என்னும் அந்த அளவுகோலில், செய்யவேண்டிய வேலையில் ஒரு துண்டைச் செய்து காட்டச் சொல்லும் ‘பணி மாதிரித் தேர்வு’ 0.54 பெற்றது, எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் இடும் ‘கட்டமைப்புள்ள நேர்காணல்’ 0.51 பெற்றது, மனத்தில் தோன்றியபடி கேள்வி கேட்கும் வழக்கமான நேர்காணல் 0.38-இல் நின்றது. 2022-இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் இக்கணக்கை வேறு முறையில் திருத்தியபோது பெரும்பாலான எண்கள் இறங்கின. ஆயினும் கட்டமைப்புள்ள நேர்காணல் பட்டியலின் உச்சியில் இருந்தது.

நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் விளக்கவுரை இவ்விரண்டின் இயல்பையும் கொண்டது. எல்லோருக்கும் ஒரே தலைப்பு, ஒரே நேரம், ஒரே மதிப்பெண் பட்டியல் என்னும் வகையில் அது கட்டமைப்புள்ள நேர்காணலைச் சார்ந்தது. பாடம் நடத்தப்போகிறவர் பாடம் நடத்திக் காட்டுகிறார், திட்டம் வகுக்கப்போகிறவர் திட்டம் வகுத்துக் காட்டுகிறார் என்னும் வகையில் பணி மாதிரியைச் சார்ந்தது. ஆகவே அதை ஒரு பேச்சுப் போட்டியாகக் கருதித் தயாரிப்பவர் இலக்கைத் தவறவிடுகிறார். குரல் வளமும் சொல்லடுக்கும் மேடையில் கைதட்டல் பெற்றுத் தரலாம். தேர்வுக் குழு பார்ப்பதோ, கொடுத்த தலைப்பின் மையத்தை இவர் பிடித்தாரா, கிடைக்கும் தகவலிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தாரா, அதைப் பிறருக்குப் புரியும்படி சொன்னாரா, எதிர்க்கேள்வி வந்தபோது நிதானமாகச் சிந்தித்தாரா என்பவற்றைத்தான்.

தலைப்பைப் படிக்கும் முறை

அழைப்புக் கடிதத்தில் தலைப்பு ஓரிரு வரிகளில்தான் இருக்கும். ஆனால் அந்த வரிகளின் ஒவ்வொரு சொல்லும் பொருள் உடையது. ‘புறநோயாளிகள் பிரிவில் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க ஒரு திட்டத்தை முன்வைக்கவும்; பத்து நிமிடங்கள்’ என்று ஒரு தனியார் மருத்துவமனை, நிர்வாக அலுவலர் பணிக்கு விண்ணப்பித்தவரிடம் கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். இங்கே கேட்கப்படுவது புறநோயாளிகள் பிரிவின் வரலாறோ, இந்திய சுகாதாரத் துறையின் நிலையோ அன்று. ‘ஒரு திட்டம்’ என்பதே கேள்வி. இந்த மருத்துவமனையில், இங்கே வரும் நோயாளிகளுக்கு, இங்கே பணிபுரிபவர்களைக் கொண்டு நிறைவேற்றக்கூடிய திட்டமாக அது இருக்க வேண்டும் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது.

தலைப்பு தெளிவாக இல்லையெனில் மனிதவளப் பிரிவுக்குத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பலர் அதை மரியாதைக் குறைவு என்று கருதித் தயங்குகின்றனர். கேள்விகளுக்கான நேரம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்குமா, குழுவில் எந்தத் துறையினர் இருப்பார்கள், புரொஜெக்டர் இருக்குமா அல்லது வெள்ளைப் பலகை மட்டுமா, ஸ்லைடுகளை முன்னதாக அனுப்ப வேண்டுமா, தமிழில் பேசலாமா என்பவை கேட்கத்தக்க கேள்விகள். இவற்றுள் குழுவின் அமைப்பு மிக முக்கியமானது. மருத்துவக் கண்காணிப்பாளர், கணக்குப் பிரிவின் தலைவர், செவிலியர் கண்காணிப்பாளர் ஆகிய மூவரும் அமர்ந்திருந்தால் ஒரே திட்டத்தை மூன்று கண்களால் பார்ப்பார்கள். மருத்துவரின் நேரம், செலவு, செவிலியர்களின் வேலைச்சுமை ஆகிய மூன்றுக்கும் ஓரிரு வாக்கியமாவது உரைக்குள் இருந்தாக வேண்டும்.

ஸ்லைடுக்கு முன் ஒரு வாக்கியம்

தயாரிப்பின் நடுநாயகமான பணி, சொல்லப்போவதை ஒரே வாக்கியத்தில் எழுதுவது. விண்ணப்பதாரர் அறையை விட்டு வெளியேறிய பிறகு, குழுவினர் ஒருவரையொருவர் பார்த்து ‘இவர் என்ன சொன்னார்?’ என்று கேட்டுக்கொண்டால், அதற்கு விடையாக வரவேண்டிய வாக்கியம் அது. அந்த வாக்கியம் எழுதப்படும் வரை ஸ்லைடுகளைத் தொடாமல் இருப்பது நல்லது. ஏனெனில் முடிவு இல்லாமல் தொடங்கும் ஸ்லைடுகள் தகவல் குவியலாகவே முடியும்.

மேற்சொன்ன மருத்துவமனை எடுத்துக்காட்டையே எடுத்துக்கொண்டால், அந்த வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் காணலாம். பொது மக்களில் ஒருவராக ஒரு காலை வேளையில் அந்த மருத்துவமனைக்குச் சென்று, பதிவு கவுன்டர், மருத்துவர் அறை வாசல், மருந்தகம் ஆகிய மூன்று இடங்களிலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவ்வப்போது எண்ணிக் குறித்துக்கொண்டாலே போதுமான தகவல் கிடைத்துவிடும். மணிக்கு 60 பேர் பதிவு செய்கிறார்கள் என்றும், சராசரியாகப் பதிவு கவுன்டரில் 20 பேரும், மருத்துவர் அறை வாசலில் 90 பேரும், மருந்தகத்தில் 40 பேரும் காத்திருக்கிறார்கள் என்றும் கொள்வோம். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ‘லிட்டில் விதி’ என்று ஒன்று உண்டு. ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்போரின் எண்ணிக்கை, அவர்கள் வந்துசேரும் வேகத்தையும் ஒவ்வொருவரும் உள்ளே கழிக்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பதே அவ்விதி. ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் அதை நிறுவினார். அதன்படி மணிக்கு 60 பேர், அதாவது நிமிடத்துக்கு ஒருவர் வரும் இடத்தில், 20 பேர் நிற்கும் வரிசை 20 நிமிடக் காத்திருப்பு. 90 பேர் நிற்கும் வரிசை 90 நிமிடம். 40 பேர் நிற்கும் வரிசை 40 நிமிடம். மொத்தம் 150 நிமிடம். காலை நேரக் கூட்டம் ஏறியும் இறங்கியும் இருப்பதால் இது தோராயக் கணக்கே; அதை விண்ணப்பதாரரே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது வாக்கியம் தானாக உருவாகிறது. காத்திருப்பில் பெரும்பகுதி மருத்துவர் அறை வாசலில் கழிகிறது. அங்கே நிற்பவர்களில் கணிசமானோர் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் அதே மாத்திரையைத் தொடர்ந்து வாங்க வருபவர்கள் என்று வரிசையில் நின்றவர்களுடனான உரையாடலில் தெரியவந்தால், ‘தொடர் சிகிச்சைக்கு வருவோருக்குத் தனி நேரமும் தனி அறையும் ஒதுக்குவதே காத்திருப்பைக் குறைக்க முதலில் செய்யவேண்டியது’ என்பது உரையின் மையமாகிறது. பதிவுக்குக் கைபேசிச் செயலி, மருந்தகத்துக்குக் கூடுதல் ஆள், காத்திருப்போருக்குத் தொலைக்காட்சி என்று பத்து யோசனைகளைப் பட்டியலிடுவதைக் காட்டிலும் இந்த ஒன்று வலிமையானது. ஏனெனில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று பிரித்தறியும் ஆற்றல் இவருக்கு இருக்கிறது என்பதை அது குழுவுக்குக் காட்டுகிறது.

முடிவை உரையின் இறுதிவரை மறைத்து வைத்திருந்து வெளியிடுவது கதைக்குப் பொருந்தும். வேலைக்கான விளக்கவுரைக்குப் பொருந்தாது. மெக்கின்சி ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிய பார்பரா மின்டோ வகுத்த ‘பிரமிடு’ முறை, முடிவை உச்சியில் வைத்து, அதைத் தாங்கும் காரணங்களை அதன் கீழும், ஒவ்வொரு காரணத்தையும் தாங்கும் சான்றுகளை அதற்கும் கீழும் அடுக்கச் சொல்கிறது. முதல் நிமிடத்திலேயே முடிவைக் கேட்டுவிட்ட குழு, அடுத்து வரும் ஒவ்வொரு தகவலையும் அந்த முடிவோடு பொருத்திப் பார்த்தபடி கேட்கும். இடையில் நேரம் குறைக்கப்பட்டாலும், முக்கியமானது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும்.

ஒரு ஸ்லைடு சொல்லத் தவறியது

ராபர்ட் காஸ்கின்ஸ், டெனிஸ் ஆஸ்டின் ஆகியோர் ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தில் உருவாக்கிய பவர்பாயின்ட் மென்பொருள் 1987-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு ஸ்லைடு இல்லாத விளக்கவுரையே அரிதாகிவிட்டது. தலைப்பும் அதன் கீழே புள்ளியிட்ட வரிகளும் அவற்றின் கீழே இன்னும் சிறிய எழுத்தில் உட்புள்ளிகளும் என்னும் அமைப்பு, சிந்தனையை ஒழுங்குபடுத்துவதாகத் தோன்றினாலும், முக்கியமானதை மறைத்துவிடவும் கூடும் என்பதற்குப் பெரும் துயரம் ஒன்று சான்றாக உள்ளது.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் புறப்பட்ட 82-ஆவது விநாடியளவில், வெளி எரிபொருள் கலத்திலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் சுற்றுப்பாதையில் இருந்தபோதே, சேதம் ஆபத்தானதா என்பதைப் போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினர். அவற்றுள் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் கணிப்பு சேதத்தை மிகைப்படுத்திக் காட்டும் பக்கமே சாய்கிறது என்னும் பொருளில், படிப்பவருக்கு ஆறுதல் தரும்படி அமைந்திருந்தது. ஆனால் அதே ஸ்லைடின் அடிவரிசையில், சிறிய எழுத்தில், சோதனையில் பயன்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம், மோதிய துண்டின் மதிப்பீடோ 1920 கன அங்குலம் என்னும் செய்தி இருந்தது. சோதித்துப் பார்த்ததைவிட 640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது, ஆகவே அந்தச் சோதனையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது என்பதே அதன் பொருள். தலைப்பாக நின்றிருக்க வேண்டிய அது கடைசி வரியாக ஒதுங்கிக் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் உயிரிழந்தனர். விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. ஒரு ஸ்லைடு மட்டுமே அதற்குப் பொறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் தரவுகளைக் காட்சிப்படுத்துவதில் வல்லுநரான எட்வர்ட் டஃப்டி செய்த பகுப்பாய்வை விசாரணைக் குழு தன் அறிக்கையில் எடுத்துக்காட்டி, நுட்பமான பொறியியல் செய்திகளைப் பவர்பாயின்ட் ஸ்லைடுகளில் சுருக்கிச் சொல்லும் வழக்கத்தைக் கண்டித்தது.

வேலைக்கான விளக்கவுரையில் உயிர்ப்பலி இல்லை. ஆனால் அந்த ஸ்லைடின் குற்றம் பெரும்பாலான விண்ணப்பதாரர்களின் ஸ்லைடுகளிலும் காணப்படுகிறது. ‘புறநோயாளிகள் பிரிவு: தற்போதைய நிலை’ என்று தலைப்பிட்டு, கீழே ஏழு வரிகளை அடுக்கி, ஐந்தாம் வரியில் 90 நிமிடக் காத்திருப்பைப் புதைத்துவிடுகிறார்கள். தலைப்பே செய்தியைச் சொல்ல வேண்டும்: ‘150 நிமிடக் காத்திருப்பில் 90 நிமிடம் மருத்துவர் அறை வாசலில் கழிகிறது.’ அதன் கீழே மூன்று பட்டைகள் கொண்ட ஒரு வரைபடம், நடுப்பட்டை மட்டும் அழுத்தமான நிறத்தில், வேறெதுவும் தேவையில்லை. முழு வாக்கியம் தலைப்பாகவும், அதை மெய்ப்பிக்கும் படமோ எண்ணோ உடலாகவும் அமையும் இம்முறையை, பொறியியல் மாணவர்களுக்கு எழுத்தும் பேச்சும் கற்பிக்கும் மைக்கேல் ஆலி நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். ஸ்லைடுகளின் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் முழு உரையின் வாதமும் விளங்க வேண்டும். விளங்கவில்லையெனில் எங்கோ ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

ஸ்லைடில் உள்ள வரிகளை அப்படியே வாசிப்பது ஏன் சலிப்பூட்டுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. மனம் ஒரு நேரத்தில் கையில் வைத்துக் கையாளும் தகவல்களின் இடத்தை உளவியலாளர்கள் ‘செயல் நினைவு’ என்பர். அதன் கொள்ளளவு ஏறத்தாழ நான்கு கூறுகளே என்று நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். திரையில் நீண்ட வரிகள் இருந்தால் கேட்பவர்கள் அவற்றைப் படிக்கத் தொடங்குவார்கள். படிக்கும் சொற்களும் கேட்கும் சொற்களும் அந்தச் சிறிய இடத்துக்காகப் போட்டியிட, இரண்டுமே முழுமையாகப் பதியாமல் போகும். படத்தையும் அதன் விளக்கத்தையும் குரலில் சேர்த்துக் கற்பிக்கும்போது, அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் காட்டினால் கற்றல் குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பத்து நிமிட உரைக்கு ஐந்து அல்லது ஆறு ஸ்லைடுகள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி மட்டும் இருந்தால், பேசுபவரின் முகத்தைப் பார்க்கக் குழுவினருக்கு நேரம் இருக்கும்.

தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். படி ஒன்றையும் உடன் வைத்திருப்பதே பாதுகாப்பு.

ஆசிரியப் பணியும் ஆராய்ச்சிப் பணியும்

இந்தியக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விளக்கவுரைக்குத் தனி இடம் உண்டு. ஆசிரியர் நியமனத் தகுதிகளைப் பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2010-இல் வெளியிட்ட விதிமுறைகள், நேர்முகத் தேர்வின்போது கருத்தரங்க உரை அல்லது வகுப்பறைச் சூழலில் ஒரு விரிவுரை வாயிலாக விண்ணப்பதாரரின் கற்பிக்கும் திறனையும் ஆராய்ச்சி நாட்டத்தையும் மதிப்பிடலாம் என்று இடம் தந்தன. ‘டெமோ கிளாஸ்’ என்று வழங்கும் மாதிரி வகுப்பில், குழுவினரே மாணவர்களாக அமர்ந்திருப்பார்கள். பாடத்தில் தமக்கு உள்ள ஆழத்தைக் காட்டும் ஆவலில், ஒரு முழு அலகையும் பதினைந்து நிமிடத்தில் ஓட்டிச் செல்வதே இங்கு நிகழும் பெருந்தவறு. வணிகவியல் விண்ணப்பதாரர் ‘தேய்மானம்’ நடத்துவதானால், அதன் எல்லா வகைகளையும் வரையறைகளையும் அடுக்குவதற்கு மாறாக, 3,00,000 ரூபாய்க்கு வாங்கிய ஆட்டோ பத்து ஆண்டு ஓடி, முடிவில் மதிப்பற்றுப் போகிறது என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவு முழுவதையும் முதல் ஆண்டுக் கணக்கிலேயே எழுதினால் அந்த ஆண்டின் இலாபம் எப்படித் தோன்றும் என்று கேட்கலாம். விடை குழுவிடமிருந்து வந்தபின், ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்று பகிர்ந்தெழுதும் நேர்க்கோட்டு முறையைப் பலகையில் எழுதிக் காட்டினால், தேவையை முதலில் உணரச் செய்து விதியைப் பின்னர் தரும் ஆசிரியர் இவர் என்பது சொல்லாமலே விளங்கும். பலகையின் எந்தப் பகுதியில் எதை எழுதுவது என்பதையும் முன்னரே தீர்மானித்திருக்க வேண்டும்.

ஆராய்ச்சி உரையில் சிக்கல் வேறு வகையானது. அறையில் இருப்பவர்களில் ஓரிருவர் அத்துறையில் ஆழ்ந்தவர்களாகவும், மற்றவர்கள் அண்டைத் துறையினராகவும் இருப்பார்கள். எனவே உரையின் முதல் மூன்றிலொரு பகுதி எல்லோருக்கும் புரிய வேண்டும். நடுப்பகுதியில் தாம் செய்ததன் நுட்பத்தை நிபுணர் ஏற்கும் அளவுக்குக் காட்ட வேண்டும். இறுதியில் மீண்டும் எல்லோருக்குமாக இறங்கி வந்து, இந்த நிறுவனத்தில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் எந்தக் கேள்வியை ஆராய எண்ணுகிறார், அதற்கு இங்குள்ள எந்தக் கருவியும் எந்தத் துறையும் துணையாகும், எந்தப் பாடங்களை நடத்த இயலும் என்பவற்றைச் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குத் தயாரித்த ஸ்லைடுகளையே சுருக்கிக் கொண்டுவருபவர்கள் இந்த இறுதிப் பகுதியை விட்டுவிடுகின்றனர். வாய்மொழித் தேர்வு, முடிந்த வேலையை மதிப்பிடுவது. நேர்முகத் தேர்வு, வரப்போகும் வேலையைப் பற்றியது.

ஒத்திகை

உரையை எழுதி மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர், நடுவில் ஒரு சொல் தவறினால் அடுத்த வரியையும் இழந்துவிடுவார். ஸ்லைடுகளை மீண்டும் மீண்டும் பார்வையிட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர், எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு அறைக்குள் சென்றதும் திணறுவார். இரண்டாவதற்கான காரணத்தை ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினர்; புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ, ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை முந்தினர். நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதுதான் நினைவை உறுதியாக்குகிறது. ஆகவே ஒத்திகை என்பது எழுந்து நின்று, குறிப்பைப் பாராமல், வாய்விட்டுப் பேசுவதே. சொற்கள் ஒவ்வொரு முறையும் மாறலாம், வாதத்தின் வரிசை மாறக்கூடாது. தொடக்க வாக்கியங்கள் இரண்டு மூன்றையும் இறுதி வாக்கியத்தையும் மட்டும் சொல் பிசகாமல் வைத்துக்கொண்டால், பதற்றம் மிகுந்திருக்கும் முதல் அரை நிமிடம் தானாகக் கடந்துவிடும்.

பத்து நிமிடம் என்றால் எட்டரை நிமிடத்தில் முடியும்படி தயாரிப்பது அறிவுடைமை; கேபிள் மாட்டுவதிலும் இடைக்கேள்வியிலும் எஞ்சிய நேரம் போய்விடும். நேரத்தை மீறுவது சிறு குறையாகத் தோன்றினாலும், தேவையானதையும் தேவையற்றதையும் பிரிக்கத் தெரியாதவர் என்னும் எண்ணத்தை அது ஏற்படுத்துகிறது. மிகைபடக் கூறலை நூலின் குற்றங்கள் பத்தில் ஒன்றாக வைத்த நன்னூலார், குன்றக் கூறலையும் அதே பட்டியலில் வைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது: சுருக்குவது என்பது சான்றை விட்டுவிடுவது ஆகாது. ஒத்திகையைக் கேட்பதற்கு அத்துறையை அறியாத ஒருவரை அமர்த்துவது பயனுள்ளது. உரை முடிந்ததும் ‘நன்றாக இருந்ததா?’ என்று கேட்டால், வீட்டார் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். ‘நான் என்ன சொன்னேன்?’ என்று கேட்டால் உண்மை தெரியும். முன்பு எழுதி வைத்த ஒற்றை வாக்கியத்தின் சாரம் அந்த விடையில் இல்லையெனில், திருத்தவேண்டியது உரையைத்தான்.

நெஞ்சு படபடப்பது இயல்பு. அதை அடக்க முயன்றவர்களைக் காட்டிலும், அது உற்சாகமே என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சில் சிறப்பாகச் செய்தனர் என்று ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்.

கேள்வி நேரம்

பல தேர்வுகளில் முடிவைத் தீர்மானிப்பது உரைக்குப் பின் வரும் கேள்விகளே. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிகளில் ஸ்லைடுகளை எழுதித்தரும் இக்காலத்தில், உரை விண்ணப்பதாரரின் சொந்தச் சிந்தனைதானா என்பதைக் குழு கேள்விகளின் மூலமே அறிகிறது. ‘தனி அறைக்கு மருத்துவர் எங்கிருந்து வருவார்?’, ‘செலவு என்ன?’, ‘மூத்த மருத்துவர்கள் உடன்படாவிட்டால்?’, ‘திட்டம் பலன் தந்ததா என்பதை எப்படி அளப்பீர்கள்?’ என்பன போன்ற கேள்விகளை முன்கூட்டியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கிய விடையைத் தயாரித்துக்கொள்ளலாம்; எண்கள் தேவைப்படும் விடைகளுக்கு, உரையில் காட்டாத கூடுதல் ஸ்லைடுகளை இறுதியில் வைத்திருக்கலாம். விடை தெரியாதபோது, தெரிந்தது எது, தெரியாதது எது, தெரியாததை எவ்வாறு கண்டறிவார் என்று மூன்றையும் பிரித்துச் சொல்வது, ஊகத்தை உறுதியாக அடித்துச் சொல்வதைக் காட்டிலும் மதிப்பைக் கூட்டும். குழுவில் ஒருவர் சுட்டும் குறை நியாயமானதாக இருந்தால் அதை ஏற்று, அதனால் திட்டத்தில் எது மாறும், எது மாறாது என்று அங்கேயே சொல்வது, உடன் பணிபுரிய ஏற்றவர் இவர் என்பதைக் காட்டும். முன்பு பணிபுரிந்த நிறுவனத்தின் விற்பனை எண்களையோ நோயாளிகளின் விவரங்களையோ சான்றாகக் காட்டுவது மட்டும் எந்நிலையிலும் கூடாது. ஒரு நிறுவனத்தின் இரகசியத்தை இன்று இங்கே சொல்பவர், இந்த நிறுவனத்தின் இரகசியத்தை நாளை வேறிடத்தில் சொல்வார் என்றே குழு கருதும்.

அன்றைய ஏற்பாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கோப்பு மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் இருக்க வேண்டும்; புரொஜெக்டர் இயங்காவிட்டால் கையில் கொடுக்கச் சில அச்சுப்படிகள் வேண்டும். இணையவழித் தேர்வானால், மின்தடைக்கு மாற்றாகக் கைபேசி ஹாட்ஸ்பாட்டும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய மடிக்கணினியும் தயாராக இருக்க வேண்டும். திரையைப் பகிரும்போது முழுத் திரையையும் பகிராமல் விளக்கவுரையின் சாளரத்தை மட்டும் பகிர்வது நல்லது.

மொழியும் நியாயமும்

தமிழ்வழியில் படித்தவர்களும், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர்களும் விளக்கவுரை என்றதும் அஞ்சுவது பெரும்பாலும் ஆங்கிலத்தை நினைத்தே. தம் மொழியில் தெளிவாகச் சிந்தித்து, மையக் கருத்தை முதலில் தமிழிலேயே எழுதிக்கொண்டு, பிறகு அதைச் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாக அமைத்து, துறைச் சொற்களின் உச்சரிப்பை மட்டும் தனியே பயின்றால், அந்த அச்சத்தின் பெரும்பகுதி நீங்கும். சரளமான ஆங்கிலத்தில் முடிவில்லாமல் சுற்றிவரும் உரையைவிட, எளிய வாக்கியங்களில் ஒரு முடிவை நிறுவும் உரைக்கே மதிப்பெண் பட்டியலில் இடம் அதிகம். அப்படி இல்லாத பட்டியலை வைத்திருக்கும் நிறுவனம், தனக்குத் தேவையான ஆளைத் தானே இழக்கிறது.

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. தலைப்பைத் தெளிவாகத் தருவதும், தயாரிக்கப் போதிய நாட்கள் அளிப்பதும், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதும், விண்ணப்பதாரர்கள் உழைத்துத் தந்த திட்டங்களை அவர்களை அமர்த்தாமலே எடுத்துப் பயன்படுத்தாதிருப்பதும் அடிப்படை நேர்மை. பணி மாதிரித் தேர்வின் நம்பகத்தன்மையே எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பதில்தான் தங்கியிருக்கிறது. சிலருக்கு மட்டும் உள்ளிருந்து குறிப்பு கிடைக்குமானால் அது வெறும் சடங்காகிவிடும்.

விண்ணப்பதாரரின் கையில் இருப்பது தயாரிப்பு மட்டுமே. கேள்வியைச் சரியாகப் படித்து, களத்துக்குச் சென்று பார்த்து, ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சான்றுகளோடு பத்து நிமிடத்தில் சொல்லப் பழகியவர், அந்த வேலை கிடைக்காவிட்டாலும் அவ்வேலையின் ஒரு பகுதியைக் கற்றுக்கொண்டே வெளியே வருகிறார். அடுத்த அழைப்புக் கடிதம் வரும்போது அவர் வெறுங்கையோடு தொடங்கவேண்டிய நிலை இராது.